குதிரை வாங்கும் முன்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் டிஞ்சர் கறை. மடியில் ஒரு பிஸ்கட் தகர டப்பா. அதை மூடிய கையோடு மறுபடி திறந்துவிடுவார். உள்ளே பஞ்சு, டிஞ்சர் புட்டி, வேப்பெண்ணெய், கத்தரிக்கோல், சுருட்டி வைத்த கட்டுத்துணிகள். ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"கையை நீட்டுங்க சாமி" என்றவர், நான் ஏனென்று கேட்பதற்குள் என் கையில் ஒரு துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இறுக்கமா இருக்குதுங்களா? குதிரை வாய் விட்டுச் சொல்லாதுங்க."

"குதிரைக்கு என்ன ஆச்சுங்க?"

"குதிரை இனிமேத்தான் வாங்கோணுங்க. சந்தைக்குத்தான் போறேன்."

"வாங்கறதுக்கு முன்னாடியே மருந்துப் பெட்டியா?"

"போன குதிரைக்குக் குளம்புல ஆணி ஏறிப்போச்சுங்க. நடுரோட்டுல நிக்குது, புடுங்க எங்கிட்டக் குறடு இல்லீங்க."

சொன்னவர் சட்டென்று டப்பாவுக்குள் கையை விட்டுத் துழாவினார். முகம் வெளிறிவிட்டது.

"கண்டக்டரே, நிறுத்துங்க! குறடு ஊட்லயே இருக்குதுங்க!"

வழியிலேயே இறங்கி, வந்த திசையில் விறுவிறுவென்று நடந்தார். பஸ் கிளம்பிய பிறகுதான் என் கையில் அவர் கட்டிய துணி அப்படியே இருப்பதைப் பார்த்தேன். ஜன்னல் வழியே கத்திக் கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை.

திருச்செங்கோட்டில் பார்த்தவர்களெல்லாம் கையில் அடியா என்று கேட்டார்கள். கட்டு நழுவவும் இல்லை, இறுக்கவும் இல்லை. டப்பாவில் ஒரு துணி குறைவதை அவர் எந்த நடுரோட்டில் கண்டாரோ என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.