வளரும் ஓவியர்கள் நால்வரும் நான் எழுதிய குறிப்பும்

ஓவியர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுப்பது என்று ஒரு தொழில் இருக்கிறது. படம் பார்ப்பவர்களுக்குப் பிடித்துவிட்டால் பாராட்டு அவர்களுக்கு, புரியாவிட்டால் திட்டு நமக்கு.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நான் வைத்திருப்பது டைப்செட்டிங் கடை. கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பது தெரிந்துபோனதால் வாசகமும் நானே எழுத வேண்டும் என்றாகிவிட்டது. அடுத்தவருக்காக வாழ்த்து மடலோ பணி ஓய்வுப் பாராட்டோ எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

போன வருடம் ஜோஸ் சார் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் சார். வெளியே தெரியாமல் வரைந்துகொண்டிருந்த நான்கு பேரைத் தேடிப்பிடித்து, 'வளரும் ஓவியர்கள்' என்று சின்ன ஹால் ஒன்றில் கண்காட்சி வைத்து, அதற்கு ஒரு கையேடும் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். "ஆளுக்கு அரைப் பக்கம் எழுதித் தா. என்ன பாணி, எதைப் பார்த்து வரைய ஆரம்பிச்சாங்க, அவ்வளவுதான்" என்றார். அந்த அவ்வளவுதானில் நான் பட்டது கீழே.

சக்கையும் தாய்மையும்

முதல் ஆள் ஜெபின். கருங்கல் ஊர்க்காரன், கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒர்க்ஷாப்பில் வேலை. மிச்சம் மீதி கார் பெயின்டை வைத்துத்தான் படம் வரைவான். பதினொரு படம் கொண்டுவந்தான். பதினொன்றும் சக்கை. பலாப்பழத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். வெள்ளிச் சக்கை, கருநீலச் சக்கை, ஷோரூமிலிருந்து நேற்று இறக்கியதுபோல் மின்னுகிற சிவப்புச் சக்கை. பார்த்ததும் எனக்குள் இருந்த எம்.ஏ. விழித்துக்கொண்டது. "முள்ளைப் போர்த்திக்கொண்டு இனிப்பைச் சுமக்கும் தாய்மையின் குறியீடு" என்று ஆரம்பித்து அரைப் பக்கத்தை நிரப்பிவிட்டேன்.

அவன் அதை இரண்டு தடவை படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மா இல்லாத பையனோ, எதையாவது கிளறிவிட்டோமோ என்று பயந்துவிட்டேன். கடைசியில் தாளை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா நான் மொதல்ல எங்க பூனையத்தான் வரச்சேன். அது ஒரு எடத்துல நிக்காம அனங்கிக்கிட்டே கெடந்து. சக்கை அனங்காது, அதான்."

எது வரைக்கும் வளரலாம்?

இரண்டாவது ஆள் தங்கசாமி. அறுபத்திரண்டு வயது. நாகர்கோவில், மார்த்தாண்டம் ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய படங்கள் எல்லாம் ஒரு முழ நீளமும் ஒரு சாண் உயரமுமாக இருந்தன. உள்ளே பஸ் பயணிகள். வாய் பிளந்து தூங்குகிறவர், மீன் வட்டிக் கூடையை மடியில் வைத்திருக்கிற அம்மா, புத்தகப் பையோடு மூன்று பிள்ளைகள். ஒரு படத்தில் ஒருவர் கையிலிருந்த துணிக்கடைப் பையில் எழுத்தெல்லாம் திரும்பி இருந்தது. பாவம், பெரியவருக்குத் தடுமாறிவிட்டது என்று நினைத்து, கம்ப்யூட்டரில் படத்தை இடவலமாகத் திருப்பி எழுத்தைச் சரிசெய்தேன். செய்துவிட்டுப் பெருமையாக அவரையே கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "அய்யோ மக்ளே, அது கண்ணாடி!" என்றார். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்குமே, அந்தக் கண்ணாடி. வேலை பார்த்த வருடமெல்லாம் அவர் தன் பயணிகளை அதில்தான் பார்த்திருக்கிறார். அந்த நீள அகலமும் அதுதான், திரும்பிய எழுத்தும் அதுதான். கேட்காமல் அச்சுக்கு அனுப்பியிருந்தால் அந்த மனிதர் வரைந்ததையே நான் அழித்திருப்பேன். படத்தை உடனே பழையபடி திருப்பி வைத்தேன். அவர் அதற்குள் தலைப்பைப் படித்துக்கொண்டிருந்தார். "வளரும் ஓவியர்னு போட்டிருக்கியா? எனக்கு இப்பம் வளருது சுகர் மட்டும்தான் மக்ளே. கெடக்கட்டு, வெட்டாண்டாம்" என்றார்.

கடலின் மகள்

இது முழுக்க என் தப்பு. ஆன்சி என்கிற பெண்ணின் படங்கள் வர நாளாகும் என்று ஜோஸ் சார் சொல்லி, ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்திருந்தார். கடற்கரை ஊர். போதாதா? "அலையின் மடியில் பிறந்து, வலையின் இழைகளில் வண்ணம் கண்ட கடலின் மகள்" என்று எழுதி, மற்றவர்கள் பக்கங்களோடு சேர்த்து அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆன்சியும் அவள் அப்பாவும் படங்களோடு கடைக்கு வந்தார்கள். பிரித்தால் ஒரு சொட்டுக் கடல் இல்லை. பனிமலை, அருவி, அரண்மனைப் படிக்கட்டு. அவற்றுக்கு முன்னால் விறைப்பாக நிற்கிற குடும்பங்கள். படத்தின் ஓரத்தில் மட்டும் பனிமலை சட்டென்று முடிந்து, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும், கழற்றிப் போட்ட செருப்புகளும், ஆணியில் தொங்குகிற சீப்பும் தெரிந்தன. அவள் அப்பா வைத்திருந்தது போட்டோ ஸ்டுடியோ. அங்கே பின்னால் தொங்குகிற, பனிமலையும் அருவியும் தீட்டிய திரைச்சீலைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வளர்ந்திருக்கிறாள். எல்லாரும் போட்டோவில் வெட்டி எறிகிற ஓரத்தை அவள் வரைந்து வைத்திருக்கிறாள். அதை எழுதாமல் நான் வலையை எழுதியிருக்கிறேன்.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். "பிளேட் போட்டாச்சா?" என்று கேட்டேன். "எங்க போட? மெஷின் நேத்தே படுத்திட்டு. ஆளு வரணும்" என்றார்கள். ஒரு மெஷின் கெட்டதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். விஷயத்தை ஒளிக்காமல் ஆன்சியிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியதும் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வள்ளத்துல ஒரு நாள் ஏறினேன். அன்னைக்கு எடுத்த வாந்தியிலதான் நான் ஸ்டுடியோ வச்சேன், கேட்டியா?" என்றார்.

இரண்டு வரி

நான்காவது ஆள் சுரேஷ். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. அதிகம் பேசமாட்டான். தேங்காய்ச் சிரட்டைக் கரியால் பெரிய பெரிய தாள்களில் வரைந்திருந்தான். எல்லாப் படத்திலும் ஒரே ஆள், முதுகு காட்டிப் போய்க்கொண்டிருக்கிறான். தோளில் ஒரு பை. ஏன் ஒன்றில்கூட முகம் இல்லை என்று கேட்டேன். "அண்ணன் கல்ஃபுக்குப் போவும்பம் நான் பின்னால நின்னு பாத்தேன் அக்கா. அதுதான் மனசுல நிக்கி" என்றான். முதல் இரண்டு வருடம் அண்ணனிடமிருந்து போன் வந்திருக்கிறது. பிறகு ஒன்பது வருடமாக ஒரு தகவலும் இல்லை. இந்தத் தடவை நான் எந்த வித்தையும் காட்டவில்லை. "காணாமல் போன அண்ணனின் நினைவாக, தம்பி வரைந்த கரி ஓவியங்கள்." படத்துக்குக் கீழே ஒட்டுகிற அட்டையில் இரண்டே வரி. அவனும் சரி என்றான்.

கண்காட்சி அன்று மத்தியானம் சுரேஷ் சாப்பிடப் போயிருந்தான். ஹாலில் நானும் இரண்டு மூன்று பேரும்தான். ஒரு அம்மா தனியாக வந்து, நேராக அந்தப் படங்களுக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். "நான் சுரேசுக்க அம்மை. எனக்கு எழுத்து தெரியாது. இதுல என்ன எழுதியிருக்குன்னு படி மக்ளே" என்றார்.

நான் அட்டையைப் பார்த்தேன். 'காணாமல் போன' என்று என் கையாலேயே அடித்திருந்தேன். 'நினைவாக' என்று வேறு. ஒன்பது வருடமாகப் போன் மணிக்குக் காத்திருக்கிற ஒருவரிடம் இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் படிப்பதுபோலவே விரலை வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். "அண்ணன் வேலைக்குப் போன அன்றைக்குத் தம்பி வாசலில் நின்று பார்த்தான். அண்ணன் நடந்த நடையை அவன் மறக்கவில்லை. தோளில் கிடந்த பையையும் மறக்கவில்லை. அண்ணன் திரும்பி வரும்போது முகத்தையும் வரைவான். அதற்காக ஒரு தாளை எடுத்து வைத்திருக்கிறான்." எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

அந்த அம்மா அட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, லேசாகச் சிரித்தார்.

"இதுல இருக்கியது ரெண்டு வரி மக்ளே, நீ படிச்சது ஒரு பாடு நீளம். கொள்ளாம், நல்லாருக்கு, நீ படிச்சதையே எழுதி ஒட்டு."

ஓவியர்கள் ஒழுங்காகத்தான் வரைகிறார்கள், குறிப்பு எழுதுகிற எங்களைத்தான் அவ்வப்போது யாராவது அழித்து எழுத வேண்டியிருக்கிறது.