கண்ணீர் அஞ்சலியும் இரண்டு மவுஸ் டிரைவர்களும்

மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் ஓர் அம்மாள் டிடிபி கடை வைத்திருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டர் கால் நூற்றாண்டுப் பழசு. அவர் பழகிய தமிழ் எழுத்துரு வேறெதிலும் திறக்காது. இந்த மாதிரிக் கிழங்களுக்கு வைத்தியம் பார்க்க ஊரில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் நான் என்று நானே சொல்லிக்கொண்டு திரிவேன். வேறு யாரும் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு மதியம் கூப்பிட்டார். புது மவுஸ் மாட்டியதிலிருந்து திரையில் அம்பு துள்ளித் துள்ளி மூலைக்கு ஓடுகிறதாம். போனால், வாசலில் ஓர் ஆட்டோக்காரன் நின்றிருந்தான். அடையாற்றங்கரைப் பையன். காலையில் அவன் அப்பா போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும்.

"நாலு மணிக்கு எட்த்துருவாங்க சார். அதுக்குள்ள செவுத்துல நைனா மூஞ்சி இருக்கணும். இன்னா, மிஷினும் பூட்ச்சா?"

அந்தக் கடையில் யார் செத்தாலும் புது ஃபைல் கிடையாது. கடைசியாகச் செத்தவரின் ஃபைலைத் திறந்து பெயரையும் படத்தையும் மாற்றுவார்கள். மாலை, விளக்கு, கண்ணீர்த்துளி எல்லாம் அப்படியே. அம்மாள் பெயரை மாற்றி சேவ் பண்ணியிருந்தார். படத்தை மாற்றி முடித்தபோதுதான் அம்பு ஒரேயடியாகக் கையைவிட்டுப் போனது.

நோய் எனக்கு உடனே புரிந்தது. பழைய மவுஸை ஓட்டும் புரோகிராமை, அதாவது டிரைவரை, எடுக்காமலே புதியதை ஏற்றியிருந்தார்கள்.

"உன் ஆட்டோ ஹேண்டில்பார ரெண்டு பேர் புடிச்சா எப்படி ஓடும்? அதேதான்பா" என்றேன்.

"கதைய அப்பாலிக்கா சொல்லு சார்."

"படம் இன்னும் சேவ் ஆகலையே சார், மவுஸ் அங்க போக மாட்டேங்குது" என்றார் அம்மாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். சேவ் பண்ண கீபோர்டில் இரண்டு விசை போதும். மவுஸே இல்லாமல் கம்ப்யூட்டர் ஓட்டுவேன் என்று இருபது வருடமாக அளப்பவன் நான்.

சேஃப் மோடில் போய் இரண்டு டிரைவர்களையும் நீக்கி, ஒன்றை மட்டும் ஏற்றினேன். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. என்னை நானே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அம்மாள் ஜெராக்ஸ் கேட்டு வந்தவரிடம் திரும்பிய நேரத்தில் ஃபைலைத் திறந்தேன். பெயர் சரியாக இருந்தது. புது மவுஸால் ஒரே ஒரு க்ளிக். நாற்பது காப்பி. பையன் பிரித்துக்கூடப் பார்க்காமல் சுருட்டிக்கொண்டு பறந்தான்.

நாலடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தான், பசை காயாத ஒரு தாளோடு. பெயர் அவன் அப்பாவுடையது. முகம் போன வாரம் செத்தவருடையது. அந்த இரண்டு விசையை நான் அழுத்தவே இல்லை.

"எங்க நைனா எங்க சார்?"

அம்மாள் மறுபடியும் படத்தை மாற்றினார். பிரிண்டர் மெதுவாகத் துப்பத் தொடங்கியது. பத்தாவது தாள் வந்தபோது அவன் போன் அடித்தது. அண்ணன். ஸ்பீக்கரில் பறைச்சத்தம் அதிர்ந்தது.

"இன்னாடா பண்ணிக்கினுகிற அங்க? எட்த்துட்டோம். சுடுகாட்டாண்ட வா."

தெரு முழுக்க யாரோ ஒருவர் வழியனுப்ப, அவன் அப்பா போய்விட்டார்.

பையன் ஆட்டோவில் ஏறிக்கொண்டு என்னைப் பார்த்தான். "சார், உன் போட்டோ ஒண்ண இப்பவே அக்காண்ட குட்த்து வையி. உன்னுதாவது கரீட்டா வரட்டும்."

நான் சிரித்துவிட்டேன், பழக்கதோஷம். அவன் சிரிக்கவில்லை.

பத்துத் தாளும் பிரிண்டரிலேயே கிடந்தன. மறுநாள் வேறொருவர் செத்தார். அம்மாள் அதே ஃபைலைத் திறந்து அவன் அப்பாவின் முகத்தை எடுத்தார். மவுஸ் அருமையாக ஓடியது.