பார்வையாளரை மேடைக்கு அழைத்தவர்

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பில் பண்டிகை வாழ்த்தைத் தவிர எதுவும் வருவதில்லை. அன்று வந்தது: "வைத்தி சார் தவறிட்டாங்க. பாசிர் ரிஸ்ல, அவங்க அடுக்குமாடி வீட்டுக் கீழ்த்தளத்துல வச்சிருக்காங்க. நாளைக்குக் காலையில எடுக்குறாங்க." மீன்காரர் வெட்டட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். நான் மீனை வாங்காமலே வந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வைத்திலிங்கம் அவர்கள் ஒரு கலைக்கல்லூரியில் மேற்கத்திய நாடக வரலாறு கற்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை வைத்துத் தமிழில் நாடகம் போட்டார். நான் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. அவரிடம் பல ஆண்டுகள் திட்டு வாங்கி நடித்தவள். ஐரோப்பா நூறாண்டு போட்ட நாடகச் சண்டைகளை எல்லாம் அவர் எங்கள் தலையில் நடத்தி முடித்தார்.

முதலில் இயல்புவாதம். மேடை என்பது ஒரு சுவரை மட்டும் எடுத்துவிட்ட நிஜ வீடு என்றார். கணவனை இழந்தவளாக நான் நிஜ வெங்காயம் நறுக்கியபடி அழுதேன். அரங்கமே அழுதது. அவருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"அழுதுட்டு வெளியில போயி பிரியாணி சாப்பிடுறாங்க லா, கமலா. மனசு லேசாயிடுச்சாம். லேசாக்கவா நாம இருக்கோம்?"

அதனால் அடுத்து வந்தது விலகி நிற்கும் நாடகம். அரங்க விளக்குகளை அணைக்க மாட்டார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார். பார்ப்பவர் உருகாமல் யோசிக்க வேண்டுமாம். பிறகு அபத்த நாடகம், போருக்குப் பின் எதிலும் பொருள் காணாமல் சலித்த ஐரோப்பாவின் சரக்கு. இடைவேளையில் பாதிக் கூட்டம் மறைந்தது. "மீதிப் பேருக்குப் பஸ் கிடைக்கல போல" என்றேன். இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை.

கடைசியாகத்தான் அவர் முழுமனத்தோடு நம்பிய முறை வந்தது. தென்னமெரிக்காவில் பிறந்து மேற்கெங்கும் பரவியது அது. ஓர் அநியாயத்தை நடித்துக் காட்ட வேண்டும். பார்ப்பவர்களில் ஒருவர் "நிறுத்து" என்று எழுந்து, மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று கதையை மாற்ற வேண்டும். வெளிநாட்டு ஊழியர்களுக்காக, லிட்டில் இந்தியாவில் ஒரு கூடத்தில், அவர்களது விடுமுறை நாளில் போட்டோம். கை நசுங்கிய ஊழியரிடம், "விடுதியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லு" என்று சூப்பர்வைசர் மிரட்டும் காட்சி. சூப்பர்வைசர் நான்தான், ஒட்டு மீசையோடு. பெண் நடித்தால் இது நாடகம் என்பது யாருக்கும் மறக்காது என்பது அவர் கணக்கு.

ஒருவருக்கு மறந்துவிட்டது. செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறை ஒன்றில் வெல்டராக இருந்த முருகேசன், "நிறுத்துங்க" என்று மேடையேறினார். தன் நிஜ சூப்பர்வைசரின் பெயரைச் சொன்னார். கம்பெனியின் பெயரைச் சொன்னார். மறைக்கப்பட்ட ஒரு விபத்தை நாள் நேரத்தோடு என் முகத்துக்கு நேராகச் சொன்னார். கூடமே எழுந்து கைதட்டியது. வைத்தி சார் அழுதார். உருகக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர்.

அடுத்த ஞாயிறு முருகேசனின் அறைத்தோழர் செல்வம் மட்டும் வந்தார். "முருகேசன ஊருக்கு அனுப்பிட்டாங்க சார்" என்றார்.

அதன்பின் சார் யாரையும் மேடையேற விடவில்லை. பெயரில்லாத துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதை எங்களை நடிக்க வைத்தார். அந்த முறையின் வரலாற்றில் அது முந்தைய கட்டம். அதைத் தாண்டித்தான் மற்றவர்கள் முன்னே போனார்கள். ஏன் பின்னால் போகிறீர்கள் என்று ஒரு மாணவி கேட்டார்.

"பார்வையாளர் எழுந்து நிக்கிறதோட புத்தகத்துல அத்தியாயம் முடியுதும்மா. அவரு மறுநாள் எந்த லாரியில ஏறினாருன்னு யாரும் எழுதல."

பிறகு துண்டுச்சீட்டும் நின்றது. எட்டு ஆண்டுகள் அவர் நாடகமே போடவில்லை. செல்வத்திடம் முருகேசனின் ஊர்த் தொலைபேசி எண்ணை வாங்கிப் பேசுங்கள் என்று நான் நச்சரித்தேன். "மன்னிப்புக் கேட்டா, பாவம், அவருதான் என்னைத் தேத்தணும். அது வேறயா அவருக்கு?" என்றார். நானும் பேசவில்லை. மீசை வைத்து மிரட்டியவள் எந்த முகத்தோடு பேசுவது?

சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்திலும் அதையேதான் சொன்னார். "ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணப் போட்டுட்டேன் கமலா."

சாவுச் செய்தி வந்த மறுநாள் காலை கீழ்த்தளத்துக்குச் செல்வம் வேலை உடுப்போடு வந்திருந்தார். முருகேசனுக்குச் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியில் அழைத்து, என்னிடம் நீட்டினார். ஓடிவிடலாம் போலிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"மீசை வச்சிருந்த அக்காவா?" என்றார் முருகேசன். செய்தியைச் சொன்னேன். நாடகத்தால் உங்கள் வேலை போனதே என்று சார் கடைசிவரை வருந்தினார் என்றேன்.

"நாடகத்தாலயா? இல்லக்கா. வேலை பெர்மிட்ட புதுப்பிக்கலைன்னு நாடகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்க. டிக்கெட் கையில இருந்துச்சு. பசங்க கலங்குவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. போறவன்தானே, சொல்லிட்டாவது போவோம்னுதான் எந்திரிச்சேன். இல்லாட்டி எனக்கு ஏதுக்கா அந்த தைரியம்?"

எட்டு ஆண்டுகள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. சாருடைய கூச்சத்தின் மீதும் என்னுடைய கோழைத்தனத்தின் மீதும் எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் அடங்கவில்லை.

பெட்டியை மூடப்போகிறோம், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் அவர் தலைமாட்டில் நின்று, முருகேசன் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். முணுமுணுக்கவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று அவர் எங்களைப் படுத்தி எடுத்துப் பழக்கிய குரலில் சொன்னேன். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உங்களால் யாருடைய வேலையும் போகவில்லை. போய் வாருங்கள், சார்.