கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தவர்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நான் டிடிபி கடை வைத்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் நோட்டீஸ் அடிக்க வருவார். எண்ணெய் காணாத தலை, பையில் எப்போதும் லினக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேர் சிடி நாலைந்து. "யாரும் உள்ளே திறந்து பாக்கலாம், திருத்தலாம்" என்று கேட்காமலே ஆளுக்கொரு சிடி கொடுப்பார்.

வந்ததும் திரையைப் பார்க்க மாட்டார். கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிவார். எனக்கு எரிச்சலாக வரும். தமிழ் சாஃப்ட்வேரை யாரும் திருட்டுத்தனமாகப் போடாமலிருக்கக் கம்பெனி தந்த, விரல் நீளப் பிளக் மாதிரியான பூட்டு அங்கேதான் செருகியிருக்கும். அது இல்லாமல் ஒரு ஃபைலும் திறக்காது.

"அண்ணாச்சி, கம்பெனிக்காரன் கடையைச் சாத்திட்டான்னா, நீங்க அடிச்சதை எப்படிப் படிப்பிய?"

"அம்புட்டுப் பெரிய கம்பெனிய எவன் சாத்துவான்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மறு ஐப்பசியில் இடி விழுந்து பூட்டு கருகிவிட்டது. கம்பெனியில் போன் எடுக்க ஆளில்லை. அப்பா சாவதற்கு முன்னால் சொல்லச் சொல்ல நான் அடித்துவைத்த அவருடைய பட்டாளத்துக் கதை மொத்தமும் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் அப்புறம் வரவில்லை. இப்போது புதுக் கம்ப்யூட்டர் எதைக் கண்டாலும் நான் பின்னால் குனிந்து பார்க்கிறேன். பூட்டைக் காணவில்லை; ஆனாலும் மாசச் சந்தா கட்டாவிட்டால் ஃபைல் திறப்பதில்லை. எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று அவராக இருந்தால் கண்டுபிடித்திருப்பார்.