தெளிந்து கிடந்த குட்டை

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடை மாட்டியவள். முன்னே நடந்தது பின்னே வரும், மறந்தும் போகும்.

சில வருடங்களுக்கு முன் இலங்கை மலையகத்து லிந்துலையிலிருந்து வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தேன். ஒரு விடுமுறை நாள் வீட்டு அம்மா, மூன்று வயது மகளோடு பாலைவனத்து ஆற்றைப் பார்க்கக் கிளம்பினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள நானும் போனேன். ஜீப் ஓட்டியவர் தமிழ்நாட்டுத் தம்பி.

ஆறு என்றார்கள், தண்ணீரைக் காணோம். மணலும் உருட்டுக் கல்லும்தான். அதற்குள்தான் பாதை. இறங்கும் இடத்தில், மணலில் புதையாமலிருக்கத் தம்பி டயர்களில் காற்றைக் குறைத்தார். தூரத்து மலைமேல் மேகம் கறுத்திருந்தது.

“என்னக்கா மேல பாக்குறீங்க? ஹெலிகாப்டர் வரச் சொல்லியிருக்கீங்களா?”

“ஒண்ணுமில்லங்க தம்பி.”

வெளியே போகும்போது வேலைக்காரி பேசினால் அம்மாவுக்குப் பிடிக்காது. எனக்கும் பேச்சு வராது.

போகப்போக இரண்டு பக்கமும் பாறை நெருக்கியது. மேகம் பாறைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. வண்டியைத் திருப்ப இடமில்லை. குலுக்கலில் பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஒரு வளைவில் பின்சக்கரம் புதைந்தது. தம்பி தோண்டத் தோண்ட இன்னும் இறங்கியது.

எங்கள் தோட்டத்து ஆற்றில், மேலே மழை என்றால் தண்ணீர் முதலில் கலங்கும். துவைக்கும் துணியைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிடுவோம். ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டை, அடிக்கல் தெரியக் கிடந்தது. அது கலங்கினால் சொல்லலாம் என்று அதையே பார்த்திருந்தேன். தனியாகத் தேங்கிய குட்டை எப்படிக் கலங்கும்? அது அன்று புத்தியில் படவில்லை.

லொறி மலை ஏறுவதுபோல் இரைச்சல் கேட்டது. குட்டை அப்போதும் தெளிவாகவே இருந்தது.

“அக்கா, புள்ளயத் தூக்கிட்டு ஏறுங்க!”

மலையேறிப் பழகிய கால், ஏறிவிட்டேன். தம்பி அம்மாவை இழுத்து ஏற்றினார். நுரையும் சுள்ளியுமாக வந்த வெள்ளம் ஜீப்பைப் புரட்டிக்கொண்டு போனது. ஆள் வரும்வரை பாறையிடுக்கிலேயே ஒடுங்கிக் கிடந்தோம். இறங்கவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது.

தம்பிமேல்தான் பழி. வேலையை விட்டு ஊருக்கு அனுப்பினார்கள். போகும்போது, “புள்ளயக் காப்பாத்திட்டீங்கக்கா” என்றார். மேகத்தைப் பார்த்ததை அப்போதும் நான் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் இதைப் படித்தால் சரிபார்த்துச் சொல்லுங்கள். அவ்வளவு தூரத்து மழை அங்கே வந்து சேருமா? காற்றிறக்கிய இடத்திலேயே நான் வாய் திறந்திருந்தால், தம்பி வண்டியைத் திருப்பியிருப்பாரா?