சாக்கின் அடித்தையல்

என்னிடம் ஒரு கோணி ஊசி இருக்கிறது. ஒரு சாண் நீளம், நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். சமையலறை அலமாரியில் டம்ளர்களுக்குப் பின்னால் கிடக்கிறது. போன வாரம் அதை எடுத்து வெகுநேரம் கையில் வைத்திருந்தேன். காரணம் என் போன்.

போனில் ஏதோ அப்டேட் என்று நாலு நாளாக வந்துகொண்டிருந்தது. நான் தள்ளிவிட்டபடியே இருந்தேன். லீவுக்கு வந்திருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். கம்ப்யூட்டர் பாதுகாப்புதான் அவளுக்கு வேலையே. "இது செக்யூரிட்டி அப்டேட்மா, தள்ளக் கூடாது" என்றாள். போனானாலும் கம்ப்யூட்டரானாலும் அடியில் கெர்னல் என்று ஒன்று உண்டாம். மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்குமாம். அதில் ஓட்டை இருந்தால் மேலே நாம் போடுகிற ரகசிய எண்ணால் பயனில்லையாம். ஓட்டையைக் கண்டவர்கள் ஊரெல்லாம் சொல்ல மாட்டார்களாம். போனைச் செய்தவர்களிடம் மட்டும் சொல்லி, அடைக்க வழி ஆன பிறகுதான் வெளியே சொல்வார்களாம். எனக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்து மெதுவாகச் சொன்னாள். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் புரிந்தது. ஸ்டோர் அய்யா நினைவுக்கு வந்துவிட்டார்.

எழுபதுகளில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை பார்த்தேன். காயை உலர்த்தி, தரம் பிரித்து, மூட்டை கட்டுகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். அதற்குப் பொறுப்பானவரை ஸ்டோர் அய்யா என்போம். கம்பத்துக்காரர். மூட்டையின் வாயைத் தைத்து முடித்ததும், முடிச்சின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரையை அழுத்துவார். பிறகு குழந்தைக்குச் சோறு ஆற்றுகிற மாதிரி அதை ஊதுவார். அந்த முத்திரை அவரே கொண்டுவந்த ஏற்பாடு. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

அந்த வருஷம் எங்கள் மூட்டைகள் ஏலக்கூடத்தில் எடை குறைந்தன. ஒரு முத்திரைகூட உடையவில்லை. முத்திரை உடையாததால் களவு அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும் என்று மானேஜர் முடிவு கட்டினார். முன்பு என்றால் தராசு. தராசில் நின்றது நாங்களெல்லாம் அக்கா என்று கூப்பிடும் ஒருத்தி. புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள். நிறுவையில் குறைத்துப் போட்டு மிச்சத்தை மடியில் கொண்டுபோகிறாள் என்று பேச்சு கிளம்பிற்று. தினமும் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் எங்கள் எல்லோரையும் நிறுத்தி மடியை உதறச் சொன்னார்கள். சனிக்கிழமையோடு அக்கா நின்றுகொள்ளலாம் என்று மானேஜர் சொல்லிவிட்டார். வேலை போனால் தோட்டத்தில் கொடுத்திருந்த லயத்து வீடும் போகும்.

ஏலக்கூடத்திலிருந்து திரும்பி வரும் வெறும் சாக்குகளைக் கிழிசல் தைப்பது என் வேலை. புதன்கிழமை ஒரு சாக்கைத் திருப்பியபோது அடிமூலையில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் நூல் வேறு மாதிரி இருந்தது. துளைகள் பழையவை, நூல் புதிது. அடுத்த சாக்கிலும் அப்படியே. கோணியின் அடித்தையலில் நுனி நூலைக் கண்டுபிடித்து இழுத்தால் அது தானாகப் பிரிந்து வரும் என்பது சாக்கு தைக்கிற எங்களுக்குத்தான் தெரியும். யாரோ வழியில் பிரித்து, காயை எடுத்து, அதே துளைகளில் திரும்பத் தைத்திருக்கிறார்கள். வாயில் அரக்கு பத்திரமாக இருந்தது. அடியை யாரும் பார்க்கவில்லை.

உனக்கு எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டால்? அதுவரை நான் அய்யாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சாக்குகளோடு போய் நின்றேன். அவர் முத்திரை வைத்த மூட்டை ஒன்றைச் சாய்த்து, அடிநூலை இழுத்து, ஒரு கை காயை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்புறம் அதே துளைகளில் தைத்துக் காட்டினேன்.

அவர் நான் தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"இத வேற யார்கிட்டயும் சொன்னியா, தாயி?"

"இல்லீங்கய்யா."

"சொல்லாத. தெரிஞ்சுபோச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சா, அடிய இறுக்கித் தைக்காம கிடக்குற மூட்டையெல்லாம் ஒரே நாள்ல காலியாயிரும். தச்சு முடிப்போம். அப்புறம் நானே சொல்லுறேன்."

"அக்காவ மடிய உதற விடுறாங்கய்யா…"

அன்று சாயங்காலம் சோதனை வரிசையில் அய்யாவும் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். முறை வந்ததும் குடையைக் கவிழ்த்து உதறினார். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். காவல்காரன் பதறிப்போனான்.

"அய்யா, நீங்க எதுக்கு?"

"ஸ்டோருக்குள்ள நானும்தானப்பா இருக்கேன். நல்லாப் பாரு."

அக்காவே சிரித்துவிட்டாள். "அய்யாவோட வேட்டி மடியையும் பாருங்கடி, ஒரு தோட்டமே இருக்கும்!" என்றாள். மூன்று நாளும் அவர் அப்படி நின்றார். சோதனையை நிறுத்த அவரால் முடியவில்லை, நிறுத்தினால் விஷயம் வெளியாகிவிடும். அதனால் அவரும் நின்றார்.

வியாழன் முழுக்க நானும் அவரும் உட்கார்ந்து தைத்தோம். அடியை இரட்டைத் தையலாக்கி, சாணுக்கு ஒரு முடிச்சு, மூலைக்கு ஓர் அரக்கு. யாராவது கேட்டால் எலித் தொல்லை என்றார். அதே லாரியில் மூட்டை ஏற்றுகிற பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர்காரரிடம் தானே நடந்துபோய் ரகசியமாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்த ஸ்டோர்காரர் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். வெள்ளிக்கிழமை லாரி போயிற்று. எங்கள் மூட்டைகளில் எடை நின்றது. பக்கத்துத் தோட்டத்தாருடையதில் வழக்கத்தைவிட அதிகமாகக் குறைந்திருந்தது.

சனிக்கிழமை அய்யா மானேஜரை ஸ்டோருக்குள்ளேயே கூட்டிவந்தார். எல்லோர் முன்னாலும் பழைய சாக்குகளைத் திருப்பிக் காட்டினார். "தராசுல தப்பில்ல சார். தப்பு என் முத்திரையில. வாயப் பூட்டிட்டு அடிய விட்டுட்டேன்" என்றார். யார் கண்டுபிடித்தது என்று மானேஜர் கேட்டார். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று முந்தின நாளே கெஞ்சியிருந்தேன். "ஸ்டோர்ல ஒரு ஆளு" என்று மட்டும் சொன்னார். அக்கா தராசிலேயே நின்றாள். மூன்று நாள் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தேனே என்று பின்னால் அவளிடம் அழுதேன். "அய்யா கொடைய ஒதறுனதப் பாத்தேன்ல, அது போதும்டி" என்றாள்.

யார் எடுத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு திங்கள்தோறும் என்னைக் கடந்து போகும்போது, "இன்னிக்கு எங்க ஓட்ட, தாயி?" என்று கேட்பார். சில வாரம் ஓட்டை இருக்கும். அவர் வேலையை விட்டுக் கம்பத்துக்குப் போன அன்று இந்த ஊசியைக் கொடுத்தார்.

மகளிடம் இதைச் சொல்லவில்லை. கண்டுபிடித்தவர்கள் பெயரைப் போடுவார்களா என்று மட்டும் கேட்டேன். "போடுவாங்கம்மா. வேணாம்னு சொன்னா விட்ருவாங்க" என்றாள். போன் அணைந்து மறுபடி வெளிச்சமானது. இதோடு முடிந்ததா என்று கேட்டேன். "எங்க முடியுது! அடுத்த மாசம் இன்னொண்ணு வரும்."

வரட்டும், தள்ள மாட்டேன். ஊசியை டம்ளர்களுக்குப் பின்னால் வைத்தேன். அவர் அன்று என் பெயரைச் சொல்லவில்லை. அவரிடம் கேட்க வழியில்லாததால் நானும் இங்கே அவர் பெயரை எழுதவில்லை.