படத்தில் இல்லாத ஊர்கள்

தண்டவாளத் துண்டில் சுத்தியலால் ஓங்கி அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் பல் கூசும். பிறகு முழங்கை வரைக்கும் ஏறி, உதறினாலும் போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே குடியிருக்கும். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல் கூசுகிறது, நம்பினால் நம்புங்கள்.

ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகும் வழியில், காப்பித் தோட்டத்துக்கு நடுவே ஓர் அறைதான் எங்கள் பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் அதே அறை, அதே ஸ்டெல்லா டீச்சர். மணி என்று தனியாகக் கிடையாது. எஸ்டேட் ஸ்டோரில் தொங்கிய தண்டவாளத் துண்டை 'ரைட்டர்' என்கிற கணக்குப்பிள்ளை அடிப்பதுதான் எங்களுக்கும் மணி. அவர் வெற்றிலை போடுகிற சுகத்தில் மறந்துவிட்டால் எங்கள் மத்தியானச் சாப்பாடும் தள்ளிப்போகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த டீச்சர் ஒருநாள் குப்பனூர்ப் பட்டறையிலிருந்து இன்னொரு துண்டை பஸ்ஸில் ஏற்றி வரவழைத்து, பள்ளிக்கூடத்து சில்வர் ஓக் மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். ஸ்டோர் மணியை விடாமல் தடதடவென்று அடித்தால் 'வேலை உட்டாச்சு' என்று அர்த்தம். ஆகையால் நம் மணியை நிறுத்தி நிறுத்தி மூன்றே அடி அடிக்க வேண்டும் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

சாப்பாடு முடிந்து பிள்ளைகளை உள்ளே கூப்பிடும் அந்த முதல் மணியை அடிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. நான் கெட்டிக்காரி என்பதால் அல்ல, பள்ளிக்கூடத்தில் அன்று எனக்குக் கடைசி நாள் என்பதால். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்கியிருந்தது. நான்காம் வகுப்புக்கு வந்துவிட்ட பெண்பிள்ளைகள் செடிக்கு அடியில் உதிர்ந்த பழம் பொறுக்கப் போய்விடுவது வழக்கம். பருவம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்றுதான் ஒவ்வொருத்தியும் சொல்லிப் போவாள், ஒருத்தியும் திரும்பி வந்ததில்லை. "அதான் எழுதப் படிக்க வந்திருச்சில்ல கண்ணு, இன்னும் அங்க போயி என்ன பண்ணப்போற? நாளான்னைக்கு எங்கூடக் காட்டுக்கு வந்துரு" என்று முந்தின நாளே அம்மா சொல்லிவிட்டாள். அதட்டிச் சொல்லியிருந்தால் நானும் அழுது புரண்டிருப்பேன். தலைக்கு எண்ணெய் தேய்த்தபடி அத்தனை பிரியமாகச் சொன்னாள், என்ன செய்வது!

முதல் அடி ஒழுங்காகத்தான் விழுந்தது. அந்தக் கணீர் எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்ததும் எனக்கு என்ன ஆயிற்றோ, நாளைக்கு இதை அடிக்க நான் இருக்கமாட்டேனே என்ற ஆத்திரமும், இப்போது சுத்தியல் என் கையில்தானே இருக்கிறது என்ற குஷியும் சேர்ந்துகொள்ள, தடதடவென்று அடித்துத் தள்ளினேன். டீச்சர் ஓடிவந்து பிடுங்குவதற்குள் சரிவிலிருந்து கூச்சல் கிளம்பிவிட்டது. அன்று மூடுபனி கவிந்து பொழுது எங்கே நிற்கிறது என்றே தெரியாத நாள். முக்காடும் இடுப்பில் பழச்சாக்குமாக, காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு அத்தனை பெண்களும் இறங்கி வருகிறார்கள். நடுவில் என் அம்மாவும்!

ரைட்டர் குடையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "எவ மணியடிச்சது? ஏறுங்க மேல, ஏறுங்க!"

"எறங்குன கால்லயே மறுக்கா ஏறச் சொல்றீங்களே, ஏனுங்க, இது மனுசக் காலா மாட்டுக் காலாங்க?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"வந்ததுதான் வந்தீங்க, உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றார் டீச்சர். எங்களைப் பெற்றவர்கள் யாரும் அதுவரை அந்த வாசற்படியைத் தாண்டியவர்கள் இல்லை. கால் சேற்றைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அறை முழுக்கப் பழத்தோல் வாசனை ஏறிவிட்டது.

அம்மாவின் கண் நேரே சுவருக்குப் போயிற்று. "அதென்னதுங்க டீச்சர்?"

"நம்ம சேலம் ஜில்லாப் படங்க. ஊரெல்லாம் அதுல இருக்குது."

"அப்ப எங்க வேலாங்காடு எங்கிருக்குதுங்க?" வேலாங்காடு அம்மா பிறந்த ஊர், கல்யாணமாகி மலையேறியவள் அங்கே திரும்பிப் போனது அபூர்வம்.

டீச்சர் தேடிப் பார்த்தார். "சின்ன ஊரெல்லாம் போடமாட்டாங்கம்மா."

"அதெப்படிங்க போடாம உடுவாங்க? நான் பொறந்து வளந்த ஊருங்க! நீங்க எழுதிப் போடுங்க."

டீச்சர் சிரித்தபடி பேனாவை என்னிடம் நீட்டினார். "உங்க மகளே எழுதட்டும். வழிய மட்டும் சொல்லுங்க."

"குப்பனூர்ல எறங்கி, ஏரியத் தாண்டி, பொழுது எறங்கற பக்கமா நடக்கோணும் கண்ணு."

பொழுது இறங்கும் பக்கம் மேற்கு. படத்தில் இடது கைப் பக்கம். குப்பனூரைப் பிடித்து, அதற்கு இடப்புறம் புள்ளி வைத்து, 'வேலாங்காடு' என்று எழுதி உரக்கப் படித்தேன். அம்மா எழுந்து வந்தாள். பழச்சாறு பிசுபிசுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்ட பிறகும் படத்தைத் தொடவில்லை. மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தாள். "எங்கப்பன் இருந்து இதப் பாத்திருக்கோணும்" என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது! "எங்கூர எழுது சாமி", "ஆத்துக்கு இந்தாண்ட போடு", "அந்தாண்டடி, உனக்கென்ன தெரியும்" என்று ஒரே அமளி. விரட்ட வந்த ரைட்டர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நின்றவர் தொண்டையைச் செருமினார். "ஏம்புள்ள, மாரமங்கலம் இருக்குதா பாரு?" இல்லை. அதையும் எழுதினேன்.

பனி விலகி வெயில் எட்டிப் பார்த்ததும்தான் அவருக்கு உத்தியோகம் நினைவுக்கு வந்தது. எல்லோரும் மனசில்லாமல் எழுந்தார்கள். "எங்கூரு பாக்கியிருக்குதே" என்று ஊர் எழுதப்படாத ஒருத்தி அழாத குறையாக நின்றாள்.

"நாளைக்கு எழுதிக்கலாங்க" என்றார் டீச்சர்.

"நாளைக்கு இந்தப் புள்ள காட்டுக்கில்ல வருதாம்?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். "அவ எங்கீங்க வர்றா? ஊரெல்லாம் பாக்கி கெடக்குதே!" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போனாள்.

அந்தப் பாக்கி ஊர்களை எழுதப்போய்த்தான் ஐந்தாம் வகுப்பும், ஏற்காட்டில் ஹைஸ்கூலும், சேலத்தில் காலேஜும் எனக்குக் கிடைத்தன. இப்போது அந்த அறை இருந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி நிற்கிறது. தண்டவாளத் துண்டு என்ன ஆயிற்றோ, படத்தை எந்தக் கரையான் தின்றதோ, யாருக்கும் தெரியாது.

சேலத்தில் என்னோடு இருக்கும் அம்மாவுக்குச் சென்ற வாரம் செல்போனில் ஊர்ப் படத்தைக் காட்டினேன். வேலாங்காடு இருந்தது, அங்கே இருக்கும் டீக்கடைகூட இருந்தது. அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "செரி, எங்க பள்ளிக்கூடம் எங்கிருக்குது காட்டு" என்றாள். ஒரே ஒருநாள், அதுவும் கால்வாசி நாள் உட்கார்ந்த பள்ளிக்கூடம்!

விரலால் மலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடுதியின் பெயர்தான் வந்தது. "அது இப்ப இல்லம்மா. படத்துல போடமாட்டாங்க."

"அவங்க போடாட்டிப் போறாங்க" என்றாள் அம்மா. "நீ எழுதிப் போடு கண்ணு."